ஏற்காட்டு மலைப் பள்ளிகளுக்கு ஒரு வரலாற்றுப் பெட்டி: செய்ததும் பழுது பார்த்ததும்

சேலத்தில் ஒரு பல்கலைக்கழக வரலாற்றுத் துறையின் கீழ் நடக்கும் சிறிய திட்டத்தில் தொழில்நுட்ப உதவியாளராக வேலை செய்கிறேன். சேலம் மாவட்டத்தைப் பற்றிய பழைய ஆவணங்கள், வரைபடங்கள், நடுகல் படங்கள் எல்லாம் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு வகுப்பு நேரத்திலேயே கைக்கு எட்ட வேண்டும் என்பதுதான் திட்டம். சமவெளிப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது, இணையமும் ஓரளவு ஓடுகிறது. மலையில் கதை வேறு. நாகலூர், மாரமங்கலம், செம்மநத்தம் பக்கம் போனால் ஒரு வளைவில் சிக்னல் இருக்கும், அடுத்த வளைவில் இருக்காது. அதனால் இணையத்தை நம்பாமல் தானாகவே வைஃபை கொடுக்கும் ஒரு சிறிய பெட்டியைச் செய்து பள்ளிகளுக்குக் கொடுத்தோம். மேசை மேல் வைத்து சுவிட்சைப் போட்டால் போதும். ஆசிரியரின் கைப்பேசியிலும் வகுப்பில் இருக்கும் மடிக்கணினியிலும் ஆவணங்கள் திறக்கும்.

இதே மாதிரி வேலையில் இறங்க நினைக்கும் கல்லூரி, பள்ளி நண்பர்களுக்கு உதவும் என்று, பெட்டி செய்த விதத்தையும் அதில் வந்த சிக்கல்களைச் சரி செய்த விதத்தையும் இங்கே எழுதி வைக்கிறேன். கூடவே இந்த வேலையில் யார் யார் இருந்தார்கள் என்பதையும் சொல்கிறேன். ஏனென்றால் பெட்டிக்குள் இருக்கும் சாமான்களைக் கடையில் வாங்கிவிடலாம். ஆசிரியர் கேட்கும் கேள்வியைக் காது கொடுத்துக் கேட்டு, அதைப் பெட்டிக்குள் கொண்டு வருகிற ஆளைக் கடையில் வாங்க முடியாது.

ஆவணங்களைப் பட்டியல் போட்டு இணையப் பக்கமாகக் காட்டும் மென்பொருளாக ஒமேகாவை எடுத்துக்கொண்டோம். இது இலவசம், திறந்த மூலம். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் ராய் ரோசன்ஸ்வைக் என்ற வரலாற்றாசிரியர் 1994இல் தொடங்கிய வரலாறு மற்றும் புதிய ஊடக மையத்திலிருந்து 2008இல் வந்தது. ஆய்வாளர்கள் மேற்கோள்களைச் சேமிக்கப் பயன்படுத்தும் ஜோட்டெரோவும் அதே இடத்தில் 2006இல் பிறந்ததுதான். அந்த மையம் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் சமூக வரலாற்றுத் திட்டத்தோடு சேர்ந்து, பள்ளி, கல்லூரி ஆசிரியர்களுக்கென்றே மூல ஆவணங்களை இணையத்தில் ஏற்றியது. ரோசன்ஸ்வைக் 2007இல் காலமானார். மையம் இப்போது அவர் பெயரில்தான் நடக்கிறது. அங்கே எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. வரலாறு படித்தவர்களும், நிரல் எழுதுகிறவர்களும், வடிவமைப்பாளர்களும், ஆசிரியர்களோடு பழகுகிறவர்களும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து வேலை செய்தார்கள். நிரல் எழுதுகிறவரை வெளியே எங்கோ ஒரு நிறுவனத்தில் வைத்துக்கொண்டு, வரலாற்றுத் துறை கடிதம் போட்டு வேலை வாங்குகிற முறை அங்கே இல்லை. எங்கள் பேராசிரியர் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டார். துறையின் பழைய வரைபட அறையில் எல்லோருக்கும் மேசை போடச் சொன்னார். ஸ்கேனர், என் சோல்டரிங் சாமான், நூலகரின் அட்டைகள் எல்லாம் ஒரே அறையில்.

குழுவில் பேராசிரியர் ஒருவர். பட்டியல் போடும் நூலகர் ஒருவர், அவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஸ்கேன் எடுக்க ஆய்வு மாணவர்கள் இரண்டு பேர். அப்புறம் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், எச்.எம். ஐயா. ஏற்காடு ஒன்றியத்தில் பல வருடம் வேலை பார்த்தவர். ஆசிரியர்களிடமிருந்து வரும் போன் எல்லாம் அவருக்குத்தான்.

முதலில் பெட்டி. ராஸ்பெர்ரி பை 4 என்ற உள்ளங்கை அளவுக் கணினி (இனி சுருக்கமாக "பை"), அதில் 4 ஜிபி நினைவகம், மெமரி கார்டு, ஒரு பழைய வைஃபை ரவுட்டர், சிறிய யுபிஎஸ். பையிலேயே வைஃபை இருந்தாலும் ஒரு வகுப்பு முழுக்க ஒரே நேரத்தில் இணைந்தால் திணறுகிறது. அதனால் பையிலிருந்து கேபிள் வழியாக ரவுட்டருக்குக் கொடுத்து, கைப்பேசிகள் ரவுட்டரோடு பேசும்படி செய்தோம். வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய ரவுட்டர் இதற்குத் தாராளமாகப் போதும்.

மின்சாரம்தான் பெரிய தலைவலி. பை 4க்கு 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் தருகிற சார்ஜர் வேண்டும். கைப்பேசி சார்ஜரைச் செருகினால் ஓடத்தான் செய்யும். ஆனால் வேலை கூடும்போது மின்னழுத்தம் இறங்கி, திரையில் மின்னல் குறி வந்து, வேகம் குறைந்துவிடும். ஆகவே சார்ஜரைப் பெட்டியோடு சேர்த்துப் பொருத்திவிட்டோம், தனியாகக் கழற்ற முடியாதபடி. யுபிஎஸ் வாங்கும்போதும் பார்த்து வாங்க வேண்டும். ரவுட்டருக்கென்று விற்பவற்றில் 12 வோல்ட் மட்டும் தருகிறவை உண்டு. அவை பைக்கு ஆகாது. 5 வோல்ட் வெளியீடும் இருப்பதாக வாங்க வேண்டும்.

மலையில் மழைக்காலத்தில் கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கும். எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் கரண்ட் போனால் மெமரி கார்டில் கோப்புகள் கெட்டுப்போகும். முதலில் கொடுத்த பெட்டிகளில் சில இப்படித்தான் கிளம்ப மறுத்தன. தீர்வு பையின் அமைப்புக்குள்ளேயே இருந்தது. ஓவர்லே என்ற ஒரு வசதி உண்டு. அதை இயக்கிவிட்டால் கார்டில் எதுவும் எழுதப்படாது. மாற்றங்கள் எல்லாம் நினைவகத்தில் மட்டும் நடக்கும், அணைத்தால் மறைந்துவிடும். அடுத்த முறை சுவிட்சைப் போட்டால் பெட்டி நாங்கள் கொடுத்த நாளில் இருந்த மாதிரியே எழுந்து நிற்கும். பள்ளியில் ஆவணம் பார்ப்பது மட்டும்தான் வேலை, எழுதுவது இல்லை என்பதால் இது கச்சிதமாகப் பொருந்தியது. எழுதுகிற வேலை முழுவதும் சேலத்து அறையில் நடக்கிறது.

இதில் ஒரு நட்டம் உண்டு. எந்த ஆவணத்தை எத்தனை பேர் திறந்தார்கள் என்ற பதிவும் சேர்ந்து மறைந்துவிடும். அதற்காக ஒரு சிறிய பென்டிரைவை மட்டும் எழுதும்படி விட்டு, பதிவுகளை அதற்குத் திருப்பினோம். அது கெட்டால் பதிவு மட்டும்தான் போகும், பெட்டி ஓடும். ஆனால் பதிவைத் திறந்து பார்த்தால் தேதிகள் எல்லாம் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. பை 4இல் பேட்டரியோடு கூடிய கடிகாரம் கிடையாது. இணையத்தில் நேரம் கேட்டுத்தான் சரி செய்துகொள்ளும். இணையமே இல்லாத இடத்தில் பழைய தேதியிலேயே நிற்கும். டிஎஸ் 3231 என்ற சிறிய கடிகாரப் பலகை ஒன்றை பையின் ஊசிகளில் பொருத்தி இதைச் சரி செய்தோம். விலை அதிகமில்லை. பொத்தான் பேட்டரி போட்டால் வருடக்கணக்கில் நேரம் காட்டும்.

கைப்பேசிகளோடு இன்னொரு சின்னத் தொல்லை. வைஃபையில் இணையம் இல்லை என்று தெரிந்ததும் ஆண்ட்ராய்டு தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். பெட்டியின் பக்கம் திறக்காது. டேட்டாவை அணைத்துவிட்டு, "இணையம் இல்லாவிட்டாலும் இணைந்திரு" என்ற கேள்விக்கு ஆமாம் என்று சொல்ல வேண்டும். இதைப் பெரிய எழுத்தில் அச்சடித்துப் பெட்டியின் மூடியில் ஒட்டி, பக்கத்திலேயே க்யூஆர் குறியீட்டையும் ஒட்டினோம். பாடப்புத்தகத்தில் 2018 முதல் க்யூஆர் இருப்பதால் ஆசிரியர்களுக்கு அதை ஸ்கேன் செய்வது பழகிய விஷயம்.

சரி, பெட்டி ஓடுகிறது. இனிதான் விஷயத்துக்கு வருகிறேன்.

எச்.எம். ஐயா ஒரு நீளமான கணக்கு நோட்டு வைத்திருப்பார். போன் வந்தால் பள்ளி, வகுப்பு, நேரம், ஆசிரியர் சொன்ன வார்த்தைகள் எல்லாம் அதில் ஏறும். "தேடல் வேலை செய்யவில்லை" என்று சுருக்கி எழுத மாட்டார். "ஏரின்னு போட்டா ஒண்ணுமே வரலீங்க, ஆனா உள்ள போய்ப் பார்த்தா ஏரிப் படம் இருக்குதுங்க" என்று டீச்சர் சொன்னதை அப்படியே எழுதுவார். அந்த ஒரு வரியிலிருந்துதான் எனக்குப் பழுது எங்கே என்று பிடிபட்டது.

ஒமேகாவின் தேடல், பின்னால் இருக்கும் மரியாடிபி தரவுத்தளத்தின் முழுவுரைத் தேடலை நம்பி நடக்கிறது. அந்தத் தேடலில் குறைந்தபட்சச் சொல் நீளம் என்று ஓர் அமைப்பு உண்டு. ஒமேகா பயன்படுத்தும் அட்டவணை வகைக்கு அது 4 என்று இருக்கும். நான்குக்குக் குறைந்த சொற்களை அது கணக்கிலேயே சேர்க்காது. ஆங்கிலத்தில் சின்னச் சின்னச் சொற்களை ஒதுக்கித் தள்ள அது வசதி. தமிழில் கணினி எண்ணும் முறையைப் பார்க்க வேண்டும். நமக்கு "ஏரி" இரண்டு எழுத்து. கணினிக்கு ஏ, ர, இகரக் குறி என்று மூன்று. மூன்றாக எண்ணியும் நான்குக்குக் கீழே போய்விட்டது. "மலை" மூன்று. "ஊர்" புள்ளியோடு சேர்த்து மூன்று. "வரி" மூன்று, "கல்" மூன்று. மலையைப் பற்றி, ஊரைப் பற்றி, வரியைப் பற்றி, கல்லைப் பற்றிப் பேசுவதற்கென்றே செய்த பெட்டியில் இந்தச் சொற்கள் எதுவும் தேடலில் அகப்படவில்லை. "நடுகல்" என்று தேடினால் வரும், "கல்" என்று தேடினால் வராது.

தரவுத்தளத்தின் அமைப்புக் கோப்பில் அந்த 4ஐ 2 ஆக மாற்றி, சேவையை மறுபடி தொடங்கி, தேடல் அட்டவணையைப் புதிதாகக் கட்ட வேண்டும். பிறகு ஒமேகாவின் அமைப்புப் பக்கத்தில் தேடல் பகுதிக்குப் போய் எல்லாப் பதிவுகளையும் மறுபடி அட்டவணைப்படுத்தும் பொத்தானை அழுத்த வேண்டும். கடைசிப் படியை விட்டுவிட்டால் பழைய நிலைமையேதான்.

இது பாதிக் கிணறுதான். முழுவுரைத் தேடல் முழுச் சொல்லைத்தான் பார்க்கும். "ஏரி" என்று கேட்டால் "ஏரி" மட்டும் வரும். "ஏரியில்", "ஏரிக்கரை", "ஏரிகள்" வராது. தமிழில் வேற்றுமை உருபு ஒட்டாமல் சொல் எங்கே தனியாக நிற்கிறது? தேடல் படிவத்தில் சின்ன மாற்றம் செய்து, ஆசிரியர் தட்டும் ஒவ்வொரு சொல்லின் பின்னாலும் நட்சத்திரக் குறி தானாகச் சேரும்படி வைத்தேன். இப்போது "ஏரி" என்று தொடங்கும் எல்லாம் வருகின்றன. வேண்டாத சிலவும் கூடவே வரும், அது பரவாயில்லை. வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்கு வெறும் திரையைக் காட்டுவதைவிட அது மேல்.

ஆனால் கன்னங்குறிச்சிப் பக்கம் இருக்கும் மூக்கனேரி அப்போதும் வரவில்லை. சொல்லின் தலையில் "மூக்கன்" இருக்கிறது, "ஏரி" புணர்ந்து "னேரி" ஆகிவிட்டது. இதற்கு என்னிடம் மருந்து கிடையாது. அக்காவிடம் போனேன். அவர் ஒவ்வொரு பதிவாகத் திறந்து, ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில் "ஏரி", "குளம்", "மலை", "கோட்டை" என்று தனிச்சொற்களைக் கையால் சேர்த்தார். தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் படத்துக்கு "கெட்டி முதலி", சங்ககிரி மலைக்கு "கோட்டை", "தீரன் சின்னமலை", அவர் அங்கே தூக்கிலிடப்பட்ட ஆண்டான "1805" என்று. பட்டியல் போடுவதை எழுத்தர் வேலை என்று நினைக்கிறவர்கள் உண்டு. மாவட்டத்தின் வரலாறும், ஆசிரியர் எந்தச் சொல்லால் அதைத் தேடுவார் என்பதும் ஒருசேரத் தெரிந்தவர்தான் இதைச் செய்ய முடியும். இந்தப் பெட்டியில் மிகக் கடினமான வேலை அதுதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

எழுத்துரு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தமிழில் இந்த வேலை செய்கிற எல்லோருக்கும் இது வரும். துறையில் முன்பு தட்டச்சு செய்து வைத்திருந்த கல்வெட்டு வாசகங்களும் ஊர்க் குறிப்புகளும் வானவில், பாமினி எழுத்துருக்களில் இருந்தன. திரையில் தமிழ் மாதிரி தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். தேடலுக்கு அது ஒன்றுக்கும் உதவாது. என்எச்எம் கன்வர்ட்டரில் போட்டு யூனிகோடாக மாற்றினோம். மாற்றிய பிறகும் இரண்டு விஷயத்தைப் பார்க்க வேண்டும். ஒன்று, "கொ" போன்ற எழுத்துகளில் கொம்பும் காலும் தனித்தனிக் குறியாக நிற்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடல் தவறிவிடும். யூனிகோடில் இவற்றை ஒன்றாக்கும் வழக்கமான நெறி என்எஃப்சி. கோப்பு முழுவதையும் அதில் ஓட்டினால் தீர்ந்தது. இரண்டு, ஔவையாரை "ஒ", "ள" என்று இரண்டு எழுத்தாகத் தட்டியிருப்பார்கள். துணைக்கால் வர வேண்டிய இடத்தில் "ர" இருக்கும். இதற்குக் கண்தான் வேண்டும். ஆய்வு மாணவர்கள் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தார்கள்.

நோட்டில் அடுத்துப் பெரிதாக வந்த கேள்வி, "எட்டாம் வகுப்புக்கு எதைக் காட்டறதுங்க?" என்பது.

நாங்கள் ஆவணக் காப்பக முறைப்படி பட்டியல் போட்டிருந்தோம். ஒமேகாவில் டப்ளின் கோர் என்ற 15 கூறுகள் கொண்ட பட்டியல் முறை வரும். தலைப்பு, ஆக்கியவர், தேதி, பொருள், உரிமை என்று. நூலகத்துக்கு அது சரி. காலை முதல் பாடவேளைக்குள் நுழையும் ஆசிரியருக்கு அதில் பிடி கிடைக்கவில்லை. நில அளவைத் துறை வரைபடத்துக்கு "58 ஐ/1" என்று அதன் எண்ணையே தலைப்பாக வைத்திருந்தோம். வரைபடம் படித்தவருக்கு அது ஏற்காட்டுப் பகுதி என்று தெரியும், மற்றவர் அதைத் திறக்கவே மாட்டார். அக்கா தலைப்பை எல்லாம் ஊர்ப்பெயரில் மாற்றினார். நான் ஒமேகாவில் புதிதாக நாலு கூறுகளைச் சேர்த்தேன்: வகுப்பு, பாடம், ஊர், வகுப்பில் கேட்கலாம். கடைசிக் கூற்றில் மாணவர்களிடம் கேட்கத் தக்க ஒரு கேள்வியை மட்டும் எழுத வேண்டும். அதை எழுதுவது எச்.எம். ஐயாவும் பேராசிரியரும். இருவரும் ஒத்துப்போகாத கேள்வி பெட்டிக்குள் ஏறாது.

எட்டாம் வகுப்பில் இரயத்துவாரி என்ற நிலவரி முறை வருகிறது. ரீடு, மன்றோ பெயர்கள் வருகின்றன. மாணவர்கள் அதை வேறெங்கோ நடந்ததாகப் படித்துவிட்டுப் போகிறார்கள். நடந்தது இங்கேதான். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதி) சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீடு இங்கே முதல் கலெக்டர். தாமஸ் மன்றோ அவருக்குக் கீழே உதவியாளர். விவசாயிகளோடு நேரடியாக வரி பேசி முடிக்கும் முறை இந்த மண்ணில்தான் அளந்து பார்க்கப்பட்டது, பிறகு சென்னை மாகாணம் முழுக்கப் போனது. பாராமகால் பதிவேடுகள் என்று அந்தக் காலத்து நிர்வாகக் கடிதங்களை சென்னை அரசே பிற்பாடு அச்சிட்டது. அதிலிருந்து சில பக்கங்களை எடுத்து, எளிய தமிழில் சாரத்தோடு வைத்தோம். ஊர் என்ற கூற்றில் ஆசிரியர் தன் ஊருக்குப் பக்கத்து ஊரைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம்.

காபிப் பாடம் நன்றாக வந்தது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டு வந்தவர் என்று 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்னைச் சொல்வார்கள். ஏற்காட்டில் வளரும் எந்தப் பிள்ளையும் இதைக் கேள்விப்பட்டிருக்கும். 1883இல் லெ ஃபானு எழுதிய சேலம் மாவட்டக் கையேடும், 1918இல் ரிச்சர்ட்ஸ் எழுதிய மாவட்ட கெசட்டியரும் எங்களிடம் ஸ்கேனாக இருந்தன. இரண்டும் காப்புரிமைக் காலம் தாண்டியவை, பெட்டியில் வைப்பதில் தடையில்லை. அவற்றிலிருந்து மலையைப் பற்றிய பக்கங்களை எடுத்து வைத்தபோது, வகுப்பில் கேட்கலாம் என்ற இடத்தில் எச்.எம். ஐயா எழுதியது: "இதை எழுதியவர் என்ன உத்தியோகத்தில் இருந்தார்? காடு வெட்டியவர்கள் யார் என்று இதில் எங்காவது இருக்கிறதா?"

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க்கின் குழு பள்ளி மாணவர்களுக்காக உருவாக்கிய பாடமுறையிலும் முதல் படி இதுதான். ஆவணத்தின் உள்ளே போகும் முன்பே யார் எழுதியது, எப்போது, எதற்காக என்று கேட்பது. பிறகு இன்னொரு ஆவணத்தோடு ஒப்பிடுவது. பேராசிரியர் அதைப் படித்துவிட்டு வந்து எங்களுக்குச் சொன்னார். ஐயாவுக்கு அது வகுப்பறைப் பழக்கத்திலேயே இருந்தது.

அந்தக் கேள்வியை வைத்து நடத்திய ஓர் ஆசிரியர் போனில் சொன்னது நோட்டில் இருக்கிறது. பிள்ளைகளில் பாதிக்கு மேல் மலையாளி என்று அழைக்கப்படும் இந்த மலைப் பழங்குடி வீட்டுப் பிள்ளைகள், மீதிப் பேர் எஸ்டேட் வேலைக்கு வந்த குடும்பங்கள். தாத்தா பாட்டியிடம் கேட்டுவிட்டு வரச் சொன்னாராம். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் கிளம்பி வந்து ஆளுக்கொரு மலையில் குடியேறிய கதை, சேர்வராயன் சாமி கதை, எந்தத் தோட்டம் முன்பு யாருடைய காடாக இருந்தது என்ற கதை எல்லாம் வந்ததாம். "இதையெல்லாம் பெட்டியில ஏத்த முடியுங்களா?" என்று கேட்டிருக்கிறார். ஏற்றலாம். அதற்காக ஆசிரியர்கள் ஒலிப்பதிவை அனுப்ப ஒரு வழி செய்தோம். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்துக்கு வரும்போது கைப்பேசியில் இருக்கும் பதிவை எச்.எம். ஐயாவிடம் கொடுப்பார்கள். சேலத்தில் நாங்கள் அதைக் கேட்டு எழுதிப் பட்டியலில் சேர்ப்போம். அடுத்த கூட்டத்தில் புதிய மெமரி கார்டைக் கொடுத்துப் பழையதை வாங்கிக்கொள்வோம். கார்டை மாற்ற ஒரு நிமிடம் போதும். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாத மூடியாகப் பெட்டியை மாற்றியதே இதற்காகத்தான்.

சொன்னவருடைய சம்மதம் இல்லாமல் எதுவும் ஏறாது என்பதில் பேராசிரியர் கறார். பெயர் வேண்டாம் என்றால் பெயர் இருக்காது. நிலத்தைப் பற்றிய பேச்சு என்றால் இரண்டு முறை கேட்டு உறுதி செய்வோம்.

படங்களுக்கும் அதே நெறிதான். சேர்வராயன் மலைச் சிறு கோயில்களில் மெருகேற்றிய கற்கோடரிகளைச் சாமியாக வைத்துக் கும்பிடும் வழக்கம் உண்டு. அவை புதிய கற்காலக் கருவிகள். ஆறாம் வகுப்பில் கற்காலம் நடத்தும்போது, "இது நம்ம ஊர்க் கோயிலில் இருக்கிறது" என்று காட்டினால் எத்தனை பலம்! ஆனால் ஊருக்கு அது சாமி. ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரைப் பார்த்து, பெட்டியை அங்கேயே ஓட விட்டு, படம் எங்கே போகும், யார் பார்ப்பார்கள் என்று காட்டிய பிறகுதான் கேட்டோம். ஓர் ஊரில் சரி என்றார்கள், கல்லைத் தொடாமல் எடுக்கச் சொன்னார்கள். இன்னோர் ஊரில் வேண்டாம் என்றார்கள். அந்த ஊர்ப் படம் பெட்டியில் இல்லை. அங்கே கோயில் எந்தத் திசையில் இருக்கிறது என்று பிள்ளைகளுக்கே தெரியும், ஆசிரியர் வாயால் சொன்னால் போதும்.

நடுகல் படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. உச்சி வெயிலில் எடுத்தால் எழுத்தும் உருவமும் தட்டையாகப் போய்விடும். சூரியன் சாய்ந்த நேரத்தில் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இருட்டிய பிறகு ஒரு டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், மேற்பரப்பை ஒட்டிப் பிடித்து, கேமராவை நேரெதிரே ஸ்டாண்டில் வைத்து எடுக்க வேண்டும். டார்ச்சை இடப்பக்கம், வலப்பக்கம், மேலே என்று மாற்றி மாற்றி அதே இடத்தில் நின்று எடுத்தால், ஒன்றில் தெரியாத எழுத்து இன்னொன்றில் தெரியும். வீரன் கையில் இருப்பது வில்லா வாளா என்று அப்படித்தான் மாணவர்கள் கண்டுபிடித்தார்கள். கல்லில் சுண்ணாம்போ மாவோ பூசி எழுத்தை எடுத்துக்காட்டும் பழக்கத்தைத் தயவு செய்து விட்டுவிடுங்கள். கல் பொரிந்துபோகும்.

கோப்புகள் பெரிதாக இருப்பதால் ஏற்றும்போது ஒமேகா மறுத்தால் பயப்பட வேண்டாம். ஒமேகா ஓடும் பிஎச்பி என்ற நிரல்மொழியின் அமைப்பில் ஒரு கோப்புக்கு 2 எம்பி என்று வரம்பு இருக்கும், அதைக் கூட்டினால் ஏறிவிடும். மூலப் படத்தைத் தனியாக இரண்டு வன்தட்டுகளில் வைத்து, பெட்டிக்குள் சிறியதாக்கிய படத்தை மட்டும் வையுங்கள். வன்தட்டில் ஒன்று துறையில், இன்னொன்று வேறு கட்டடத்தில்.

இனி ஆட்களைப் பற்றி. இந்த மாதிரித் திட்டங்களுக்கு நிதி கேட்கும் படிவத்தில் கருவி, மென்பொருள், பயணம், ஆய்வு உதவியாளர் என்று தலைப்புகள் இருக்கும். ஆசிரியர்களோடு பேசுவதற்கென்று ஒருவருக்குச் சம்பளம் என்ற தலைப்பு இருக்காது. எச்.எம். ஐயாவுக்கு நாங்கள் கொடுப்பது பயணப்படி மட்டும். அக்கா நூலக வேலை முடிந்த பிறகு மாலையில் வந்து உட்கார்ந்து பட்டியல் போடுகிறார். இது நியாயமில்லை. அமெரிக்காவில் 2001இல் வரலாற்று ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரவென்றே மத்திய அரசு தனி நிதித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பள்ளி மாவட்டங்கள் பல்கலைக்கழகம், அருங்காட்சியகம் போன்ற ஓர் அமைப்போடாவது கைகோத்துத்தான் அந்த நிதியைப் பெற முடியும் என்று விதி வைத்தார்கள். அதனால் இரண்டு தரப்புக்கும் நடுவில் ஓடுகிற ஆள் திட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டார். நம் ஊரிலும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன, வட்டார வள மையங்கள் இருக்கின்றன, குறுவள மையக் கூட்டங்கள் நடக்கின்றன. ஆசிரியர்களைப் பல்கலைக்கழகத்தோடு சேர்க்கும் பாதை ஏற்கெனவே போட்டுத்தான் கிடக்கிறது. அந்தப் பாதையில் நடக்கிற ஒருவருக்குச் சம்பளம் கொடுத்தால் போதும்.

நோட்டை இப்போது கணினியில் ஏற்றியிருக்கிறோம். சாதாரண விரிதாள்தான். தேதி, பள்ளி, வகுப்பு, ஆசிரியர் சொன்னது, யார் கவனிக்க வேண்டும், என்ன செய்தோம் என்று ஆறு பத்திகள். "ஆசிரியர் சொன்னது" பத்தியை யாரும் திருத்தக் கூடாது, பேச்சு வழக்கிலேயே இருக்க வேண்டும் என்பது ஐயா போட்ட விதி. திங்கட்கிழமை காலையில் ஆறு பேரும் அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவோம். நட்சத்திரக் குறியும், ஸ்க்ரூ இல்லாத மூடியும், வகுப்பு வாரியான பட்டியலும் அந்தப் பத்தியிலிருந்து வந்தவைதான். அறைக்குள் நாங்களாக யோசித்துச் செய்த சில வசதிகளை இதுவரை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று பென்டிரைவ் பதிவு காட்டுகிறது. அவற்றை அடுத்த கார்டில் எடுத்துவிடப் போகிறோம்.

இப்போது நிலுவையில் இருப்பவை: ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுதுவது மெதுவாக நடக்கிறது, மலைப்பேச்சு தெரிந்த ஒருவர் வேண்டும். தலைவாசல் பக்கம் தியாகனூர் புத்தர் சிலைகளும் ஆறகழூர்க் கோயில் கல்வெட்டுகளும் இன்னும் பட்டியலுக்கு வரவில்லை, ஆத்தூர்ப் பகுதி ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பார்வைக் குறைபாடுள்ள மாணவர் ஒருவர் படிக்கும் பள்ளியிலிருந்து, ஆவணத்தின் சாரத்தை யாராவது வாசித்துப் பதிவு செய்து தர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கு ஆய்வு மாணவர்கள் இருவரும் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த நிதியாண்டுக்கான கோரிக்கை மனுவில் கருவிகளுக்கு முன்னால், முதல் வரியில், ஆசிரியர் தொடர்பாளர் ஒருவருக்கும் பட்டியல் நூலகர் ஒருவருக்கும் முழுநேரச் சம்பளம் என்று எழுதிப் பேராசிரியர் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறார்.